வெயில் என்று எழுதுங்கள்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, ஆர்.கே.பேட்டை



இந்தச் சொற்பொழிவு ஒவ்வோராண்டும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் நடந்து வந்தது. இந்த ஆண்டு மாலை ஆறரைக்கு மாற்றிவிட்டோம். பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள். சென்ற முறை கூட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியிலேயே சாய்ந்ததும், நாம் பேச்சை நிறுத்திவிட்டு அவருக்கு விசிறிக்கொண்டிருந்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஆகவே மண்டபத்துக்காரருக்கு ஒரு போன் போட்டோம். "ஆறரைக்கு வெச்சிக்குங்க சார்" என்றார். முடிந்தது வேலை.

அந்த ஒரு போனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நம் கூட்டத்தின் நேரத்தை நாமே மாற்றிக்கொள்ள முடிந்தது. இதே நாளில், இதே ஊருக்கு வெளியே, வேர்க்கடலை பிடுங்கிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிற நம் அக்காமாரால் அப்படி ஒரு போன் போட முடியவில்லை.

"நாங்கள்" என்றே பேசுகிறோம். மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் இந்த உரையை எழுதியவர்கள் மூன்று பேர்: ஒரு செவிலியர், ஒரு பள்ளி ஆசிரியர், முதுகலை படிக்கும் ஒரு மாணவர். மூவரும் காலனியில் பிறந்தவர்கள். சென்ற கோடையில் இந்த வட்டாரத்தின் காலனிகளில் வெயிலையும் உடம்பையும் பற்றிப் பேசப் போனோம். சொல்லிக்கொடுக்கத்தான் போனோம். கற்றுக்கொண்டு திரும்பியதைத்தான் இங்கே சொல்கிறோம்.

பண்டிதரைப் பத்திரிகையாளராக, பௌத்தராக, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவராக நமக்குத் தெரியும். அவர் பிழைப்புக்குச் செய்த தொழில் சித்த மருத்துவம். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான்; அதைத் திரு.வி.க.வே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வைத்தியர் 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நம் மக்களுக்குக் கோயில் நுழைவும் படிப்பும் தரிசு நிலமும் கேட்டார். ஒரு வைத்தியர் ஏன் நிலம் கேட்டார் என்பது எங்களுக்குச் சென்ற கோடையில்தான் முழுதாகப் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் நாங்கள் பட்ட அடி. ஒரு துண்டறிக்கை அச்சிட்டோம். எல்லா ஊரிலும் அச்சிடுவது போலத்தான்: பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்லாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள், குடை கொண்டு செல்லுங்கள், மோர், இளநீர், தர்பூசணி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் 'காலநிலை மாற்றமும் நம் உடல்நலமும்'. ஒரு காலனியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக் காட்டினோம். அங்கிருந்த ஒரு ஆயா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"நல்லாத்தான் போட்டுக்கீறீங்க. பன்னெண்டுலருந்து மூணு வரிக்கும் போகாதேன்னு எங்ககிட்ட வந்து சொல்றீங்களே, இத மேஸ்திரிகிட்ட குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. படித்த பிள்ளைகளான எங்களுக்கும், வெயிலைப் பற்றித் தெரியாதவர்கள் காலனியில் இருக்கிறார்கள் என்ற நினைப்புதான் இருந்திருக்கிறது. வெயிலைப் பற்றி அந்த ஆயாவுக்குத் தெரியாதது எது? வெக்கை வேறு, அனல் வேறு, புழுக்கம் வேறு என்று மூன்று சொல் வைத்திருக்கிறார். எங்கள் துண்டறிக்கையில் 'வெப்ப அலை' என்று ஒரே சொல்.

மேஸ்திரியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. "காலைல அஞ்சரைக்கு வரச் சொல்லுங்க, பதினொன்றரைக்கு அனுப்பிடறேன். எனக்கு வேலை முடிஞ்சா சரி" என்றார். சந்தோஷமாக ஓடிவந்து அக்காமாரிடம் சொன்னோம். சிரித்துவிட்டார்கள். "அஞ்சரைக்கு நாங்க காட்டுக்குப் போயிட்டா குழாயில தண்ணி யாரு புடிப்பா?" அந்தக் காலனியில் குடிநீர் காலை ஆறு மணிக்கு வரும், ஏழுக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பிடித்தால்தான் அன்றைக்குச் சோறு. வேலை நேரம் மாற வேண்டுமானால் குழாய் நேரம் மாற வேண்டும். அடுத்து டேங்க் ஆபரேட்டரிடம் போனோம். அவரும் நம் பையன்தான். மாலை ஐந்துக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் அப்படி நடந்தது. அந்த மூன்று வாரமும் அந்தக் காலனிப் பெண்கள் பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தார்கள். பிறகு மோட்டார் எரிந்து, சரிசெய்து, பழைய நேரத்துக்கே போய்விட்டது.

காலநிலை மாற்றம் பற்றிய மாநாடுகளில் குழாய் திறக்கிற நேரத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தில், அந்த ஒரு பூட்டுச் சாவி எங்கள் துண்டறிக்கைகள் அத்தனையையும்விட அதிக உடம்புகளை வெயிலிலிருந்து எடுத்துப் போட்டது.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

2024-தான் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து உலகின் மிக வெப்பமான ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியை ஒன்றரை டிகிரி செல்சியஸுக்கு மேல் தாண்டிய முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு சொல்கிறது. ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். அது கடல், பனிமலை எல்லாம் சேர்ந்த உலகச் சராசரி. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே, முன்பு எப்போதோ வந்த கொடும் வெயில் நாட்கள் அடிக்கடி வரத் தொடங்கும். செய்தித்தாளில் 'நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள்' என்று பட்டியல் வரும்போது திருத்தணி இல்லாத பட்டியல் அபூர்வம். சென்னைக்குப் பிற்பகலில் கடற்காற்று வந்து சேர்ந்துவிடும். நம்மிடம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்னொன்று: அந்த எண்ணை அளக்கிற வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. செய்தியில் வருவது நிழலின் சூடு. நம் ஆட்கள் வேலை செய்வது அந்தப் பெட்டிக்கு வெளியே.

உடம்பு தன்னைக் குளிரவைக்க அதற்கு இரண்டே வழி. தோலுக்கு ரத்தத்தை அனுப்புவது, வேர்ப்பது. வெயிலில் குனிந்து வேலை செய்யும்போது தசைக்கும் ரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். இதயம் இரண்டு முதலாளிக்கு வேலை செய்கிறது. நீர் குறையக் குறைய ரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை குழம்பத் தொடங்கும். இதுதான் வெப்பவாதம். நன்றாகக் கவனியுங்கள், குழம்பத் தொடங்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கோபம் வரும், யாரென்று தெரியாமல் பேசுவார்கள். "வேர்வை நின்றுபோயிருந்தால்தான் வெப்பவாதம்" என்று பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. வேலை செய்துகொண்டே விழுகிறவருக்கு உடம்பு நனைய வேர்த்திருக்கும்.

தள்ளாடுகிற, குழறுகிற, அழுக்குச் சட்டை போட்ட, கறுத்த ஒரு ஆள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சாலையோரம் விழுந்து கிடந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

எங்களுக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்தது. நாற்பதைக் கடந்த மனிதர், கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போனவர். திரும்பி வரும் வழியில் விழுந்தார். சாலையில் போனவர்கள் போதை என்று நினைத்து விலகிப் போனார்கள். நிழலில் இழுத்துப் போடக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வாழ்நாளில் குடித்தவரே இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது உயிர் இல்லை. காகிதத்தில் 'மாரடைப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, நின்றுபோனது இதயம்தான். ஆனால் அது ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. உடம்புச் சூட்டை யாரும் அளக்கவில்லை. அன்று காலை எட்டிலிருந்து அவர் எங்கே நின்றார் என்று ஒரு வரி எழுதவில்லை. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டோம், உடம்பை அறுப்பார்களே என்று. அவர் மனைவி இன்றைக்கும் "சீமை சாராயம் குடிச்சாருன்னு நாலு பேரு பேசினாங்களே" என்றுதான் அழுகிறார். சாவைவிட அந்தப் பேச்சு பெரிதாகிவிட்டது அந்த வீட்டில்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் என்றும் ஆணை இருக்கிறது. நல்ல ஆணை. வரவேற்கிறோம். ஆனால் சாவு வெயிலால் நேர்ந்தது என்று அதிகாரபூர்வமாகச் சான்று வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் படிவம் 4ஏ, இவற்றில்தான் சாவுக்கான காரணத்தை மருத்துவர் எழுத வேண்டும். கிராமத்தில் வீட்டில் நடக்கிற சாவுக்கு மருத்துவர் காரணம் எழுதுவதே அரிது. "வயசாயிடுச்சி", "திடீர்னு போயிட்டாரு", முடிந்தது. பட்டியலில் இல்லாத சாவுக்குப் பணமும் இல்லை, திட்டமும் இல்லை. பிறகு அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், "இந்த மாவட்டத்தில் வெப்பத்தால் இறப்பு இல்லை" என்று ஒரு அறிக்கை படிக்கப்படும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கோடு வந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை, நம்மில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்குதான். 2015 மே மாத வெயிலில் இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும். அங்கே மண்டலம் மண்டலமாகக் கணக்கு எடுத்தார்கள், ஆந்திர அரசு குடும்பத்துக்கு ஒரு லட்சம் அறிவித்தது. அந்தக் கணக்கிலும் விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் எண்ணினார்கள். அதே வெயில் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லையா?

எண்ணுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் கடும் வெயில். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பார்க்கவில்லை. அந்த மாதம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், மற்ற ஆண்டுகளில் அதே மாதத்தில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டார்கள். 1,344 சாவு கூடுதல். மாரடைப்பு, மூச்சுத்திணறல், வயோதிகம் என்ற பெயர்களுக்குள் ஒளிந்திருந்தவை அவை. அதற்குப் பிறகுதான் 2013-இல் அந்த மாநகரம், தெற்காசியாவில் முதலாவதாக, வெப்பச் செயல்திட்டம் போட்டது. எண்ணிய பிறகுதான் திட்டம் வந்தது. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். காலனியின் சாவுகள் நமக்குத் தெரியாதவை அல்ல. ஒவ்வொரு சாவுக்கும் பறை அடித்தவர்கள் நாம்.

பெண்களைப் பற்றி. இதைச் செவிலியராக இருப்பவர்தான் எழுத வேண்டும் என்று மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டோம். அவர் திட்டினார், ஆண்களும் சேர்ந்து எழுதினால்தான் ஆண்களுக்கு விளங்கும் என்று. அது சரிதான்.

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று துண்டறிக்கையில் போட்டோமே, காட்டில் வேலை செய்கிற பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க மறைவு இல்லை. கரும்புத் தோட்டமானால் பாம்பு, கடலைக்காடானால் முட்டளவு செடி. அந்த நிலத்துக்காரர் வீட்டுக் கழிப்பறைக்கு நாம் போக முடியுமா? காலை ஆறு மணிக்குப் போனது, இரண்டு மணிவரை அடக்கிக்கொள்கிறார்கள். அதன் பெயர் நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு. ஆண்டு முழுக்க வந்து வந்து போகிறது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாள் அதே காட்டுக்குப் போகிறார்கள்.

குடிக்கிற தண்ணீரிலும் கதை இருக்கிறது. நிலத்துக்காரர் வீட்டுச் சொம்பைத் தொடாமல் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது அப்படி இல்லை, பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டது என்பார்கள். பாட்டில் ஏன் வந்தது என்று அக்காமாரிடம் கேளுங்கள். "அவங்க சொம்புல கேக்கறதுக்கு, நாமளே எடுத்துட்டுப் போயிடலாம்." ஒரு லிட்டர் பாட்டில், வெயிலில் பத்து மணிக்குள் வெந்நீர், பதினொன்றுக்குள் காலி. அண்ணல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச் 20. அதைச் சுயமரியாதைப் போராட்டம் என்று மட்டும் படித்திருக்கிறோம். அது கோடை தொடங்குகிற மாதம் என்பதையும், தாகம் உடம்பில் இருப்பது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, 2017-இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெக்கையில் வேலை செய்தவர்கள் ஏறக்குறையப் பாதி. 2024-இல் முடிவு வெளிவந்தது: கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதற்கும் பிள்ளை வயிற்றிலேயே இறப்பதற்குமான அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் காலனிகளில் கரு தங்காத பெண்ணை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம்? நாகதோஷம், கண்ணேறு, கருப்பை பலவீனம், அவள் அம்மா வீட்டு ரத்தம். கோடையில் சூளையில் கல் அறுத்தாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சிறுநீரகமும் அப்படித்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள் இதே போலச் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அங்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் மூன்றே மாற்றம் செய்து பார்த்தார்கள்: தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு. நோய் குறைந்தது, வெட்டிய கரும்பின் அளவு குறையவில்லை. திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற வட்டாரம் நம்முடையது. இந்தச் செய்தியை ஆலைக்கும் சொல்ல வேண்டும், வெட்டு மேஸ்திரிகளுக்கும் சொல்ல வேண்டும்.

"வெயில் என்ன சாதி பார்த்தா அடிக்குது?" என்று ஒரு நண்பர் எங்களிடம் கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் தீபக் மல்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைத்தான் அளந்து பார்த்தார்கள். 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் வெப்ப அலை நாட்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பையும், மணிக்கு மணி பதிவான வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை நேரம் கூடக் கூட ஏறுகிற வெப்பச் சுமை, ஆதிக்கச் சாதியினரைவிடத் தலித், பழங்குடி மக்களுக்கு 25 முதல் 150 விழுக்காடு வரை கூடுதல் வேகத்தில் ஏறுகிறது. வெயில் சாதி பார்த்து அடிப்பதில்லை. யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிடுகிறது, வெயில் பிறகு வருகிறது.

இங்கேதான் பண்டிதர் கேட்ட நிலம் வருகிறது. சொந்த நிலத்தில் களை எடுப்பவர் பத்து மணிக்குத் தலை சுற்றினால் கரையேறி வேப்பமரத்தடியில் உட்காரலாம். மிச்சத்தை நாளைக்கு எடுக்கலாம். கூலிக்குப் போனவர் உட்கார்ந்தால் அரை நாள் கூலி போகும், அடுத்த நாள் கூப்பிடவும் மாட்டார்கள். நிலம் என்பது நெல் மட்டுமில்லை. எப்போது ஓய்வெடுப்பது என்று தானே முடிவு செய்கிற உரிமையும்கூட. 1892-இல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப் போனதால் நாம் இழந்தவற்றில் நிழலும் ஒன்று.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். காலனியில் ஆண்கள் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்க உடம்பு உழைச்ச உடம்பு, வெயில் ஒண்ணும் பண்ணாது." உடம்பு வெயிலுக்குக் கொஞ்சம் பழகும் என்பது உண்மை. அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், சில வாரம் இடைவெளி விட்டால் பழக்கம் போய்விடும். ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு, மறுநாள் முழு வேகத்தில் இறங்குகிறவர் விழுவது அதனால்தான். ஆனால் 'உழைக்கிற உடம்பு தாங்கும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நம்மை வெயிலில் நிறுத்தியவர்கள் நமக்குச் சொன்னது அது. நாம் அதைப் பெருமையாக வாங்கி மாட்டிக்கொண்டோம். நம் தோலுக்கும் அவர்கள் தோலுக்கும் வேர்க்கும் விதத்தில் வேறுபாடு ஒன்றுமில்லை. 40 டிகிரி உட்சூட்டில் எல்லார் மூளையும் ஒரே மாதிரிதான் குழம்பும்.

இரவைப் பற்றிச் சுருக்கமாக. பகல் சூட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவில். தொகுப்பு வீட்டின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பன்னிரண்டு வரை கீழே விடுகிறது. தகரக் கூரை சீக்கிரம் ஆறும், ஆனால் பகலில் உள்ளே இருக்க முடியாது. தளத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும், செலவும் அதிகமில்லை. தறிக்கொட்டகைகளில் சிமெண்ட் அட்டையின் கீழ் இரண்டு ஷிப்ட் ஓட்டுகிற தொழிலாளருக்கும் இது பொருந்தும். அவர்கள் வேறு சாதி, ஆனால் நமக்குப் பக்கத்துணை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், குளிர்பெட்டி இல்லாவிட்டால், மருந்துக் குப்பியை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கோடையில் நீர் சீக்கிரம் குறையும். தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டு வருகிற அக்காவிடமும் கேட்கலாம். வீடு வீடாக வருபவர் அவர் ஒருவர்தான். மழை, வெள்ளம், கொசு, கிணற்று நீர் எல்லாம் இதே காலநிலைக் கணக்கில்தான் சேரும். அவற்றுக்கு இன்னொரு நாள் வேண்டும்.

விழுந்தவரைக் கண்டால் போதை என்று நினைக்காதீர்கள். முதலில் நிழல். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள். வண்டியில் வருகிறவரிடம் "உடம்புச் சூடு எவ்வளவுன்னு பாத்து எழுதுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு எண் பிறகு வேண்டியிருக்கும்.

இனி யாரிடம் என்ன கேட்பது. கேரளாவில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார்: வெட்டவெளியில் வேலை செய்வோருக்கு 12 முதல் 3 வரை ஓய்வு. துபாய்க்கும் அபுதாபிக்கும் போய் வந்த நம் பையன்களைக் கேளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை அங்கே வெயிலில் வேலை வாங்கினால் அபராதம். அங்கே ஓய்வு கிடைத்த அதே பையன் ஊருக்குத் திரும்பிக் கம்பி கட்டினால் ஓய்வு இல்லை. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பேருந்து நிலையத்தில் தண்ணீர்ப்பந்தல் திறந்து, தர்பூசணி வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பத்தாம் நாள் பானை காய்ந்து கிடக்கிறது. கடலைக்காட்டில் பந்தல் திறந்த கட்சியை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. நம் கட்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மே 1 கிராம சபையில் நம் தோழர்கள் ஒரு ஊரில் தீர்மானம் கொடுத்தார்கள். கோடையில் குழாய் நேரத்தை மாலைக்கு மாற்றுவது, வேலையிடத்தில் நிழற்கூடாரமும் பெண்களுக்கு மறைவிடமும், கோடைச் சாவுகளைப் பஞ்சாயத்தே குறித்து வட்டாட்சியருக்கு அனுப்புவது. முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு நிதி இல்லை என்றார்கள். மூன்றாவதைப் படித்ததும் ஒருவர், "சாவுக்கெல்லாம் தீர்மானமா?" என்று சிரித்தார். பின்வரிசையில் இருந்த அந்தக் கம்பி கட்டினவரின் மனைவி எழுந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வாசல் பக்க மேசையில் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறோம். ஒரு காலனிக்கு ஒன்று. முதல் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறது: தேதி, வயது, என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து வெயிலில், கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது, யார் பார்த்தது, காகிதத்தில் என்ன காரணம் எழுதினார்கள். பெயர் எழுத வேண்டாம், வீட்டு எண் போதும். விழுந்து பிழைத்தவர்களையும் எழுதுங்கள். சென்ற ஐந்து ஆண்டுகளின் ஏப்ரல், மே, ஜூன் மாதச் சாவுகளைப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள். மாணவர்களில் பத்துப் பேர் நாளைக் காலை எங்களோடு கடலைக்காட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்தில் நிற்போம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து வாருங்கள், ஒன்று உங்களுக்கு.

ஜெய்பீம்.